ஓர் ஐரிஷ் கிராமப் பங்கு எப்படி இயங்குகிறது? கிளென்கொலம்கில்லை வைத்து ஒரு விளக்கம்

கேட்கப்பட்டது இது: அயர்லாந்துக் கிராமத்து ஆட்களிடம் ஊரைக் கேட்டால் ஏன் பங்கின், அதாவது ஒரு கிறிஸ்தவக் கோயிலையும் பாதிரியாரையும் சேர்ந்த ஊர் எல்லையின், பெயரைச் சொல்கிறார்கள்? அந்தச் சின்னப் பங்குகளுக்கு என்ன வரலாறு, அதற்குள் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்? கோயிலுக்குப் போகிறவர்களே குறைந்துவிட்ட இந்தக் காலத்தில் பங்குக்கு என்ன வேலை?

அயர்லாந்து முழுவதற்கும் பொதுவாகச் சொன்னால் வழவழவென்று போய்விடும். ஒரே ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறேன்: கிளென்கொலம்கில். டொனெகால் கவுண்டியின் தென்மேற்கு மூலையில், அட்லாண்டிக் கடலை ஒட்டிய பள்ளத்தாக்கு. கேஷல், கேரிக், டீலின், மேலின் மோர், மேலின் பெக் என்று சிதறிக் கிடக்கும் குடியிருப்புகள். 601 மீட்டர் உயர ஸ்லீவ் லீக் மலை இங்கேதான் செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. ஐரிஷ் மொழி இன்னும் வீட்டில் பேசப்படும் பகுதிகளில் ஒன்று. இந்த ஊரை எடுக்கக் காரணம் அதன் அழகு இல்லை. ஒரு பங்கு சேர்ந்து செய்யக்கூடிய காரியம் எது, செய்ய முடியாதது எது என்று இரண்டையும் இந்த ஊர் பரிசோதித்துப் பார்த்திருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். அயர்லாந்தில் பங்கு என்பதற்கு இரண்டு வரைபடங்கள் உண்டு. 1111-ல் ராத்பிரசில் என்ற இடத்தில் கூடிய ஆயர் (பிஷப்) மாநாடு நாட்டை மறைமாவட்டங்களாக, அதாவது ஆளுக்கு ஓர் ஆயர் பார்க்கும் பகுதிகளாகப் பிரித்தது. அதன்பின் அவற்றுக்குள் பங்குகள் உருவாயின. பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசர் ரோமை விட்டுப் பிரிந்தபோது பழைய கோயில்கள், நிலங்கள், எல்லைகள் எல்லாம் அரசுச் சபையான சர்ச் ஆஃப் அயர்லாந்தின் கைக்குப் போயின. அரசாங்கம் நிலக் கணக்குக்கும் குடிக்கணக்குக்கும் பயன்படுத்திய 'சிவில் பங்கு' இந்தப் பழைய எல்லைதான். மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்களாகவே இருந்தார்கள். அவர்களுடைய பாதிரியார்கள் நடந்து போய்ச் சேரக்கூடிய தூரத்தை வைத்துத் தங்களுக்கென வேறு பங்குகளை மெல்ல அமைத்துக்கொண்டார்கள். அதனால்தான் ஒரே பெயரில் இரண்டு பங்கு இருக்கும், எல்லை மட்டும் பொருந்தாது. பங்குக்குள் இன்னும் சிறிய அலகு டவுன்லேண்ட். சில வயல்கள், ஒரு ஓடை, ஆறேழு வீடு என்ற அளவிலும் இருக்கும். நாடு முழுக்க இவை 60,000-க்கு மேல். அஞ்சல் குறியீட்டு எண் வந்ததே 2015-ல்தான். அதுவரை கடிதங்கள் போய்ச் சேர்ந்தது டவுன்லேண்டின் பெயரையும் தபால்காரரின் நினைவையும் நம்பித்தான்.

கிளென்கொலம்கில்லில் மனிதர்கள் குடியேறியது கிறிஸ்தவத்துக்கு வெகு முன்னால். மேலின் மோரில் பெரிய பெரிய பாறைகளைத் தூக்கி நிறுத்திய கற்காலக் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. க்ளோகன்மோர் என்ற முற்றக் கல்லறை ஐயாயிரம் ஆண்டுக் கணக்கில் பேச வேண்டியது. பங்கின் பெயருக்கு உரியவர் புனித கொலம் கில்லெ, அதாவது கொலம்பா. 521-ல் இதே டொனெகாலில் கார்டன் என்ற இடத்தில் பிறந்தவர், 563-ல் ஸ்காட்லாந்தின் அயோனா தீவுக்குப் போய் மடம் கட்டியவர், 597 ஜூன் 9 அன்று இறந்தவர். இந்தப் பள்ளத்தாக்கில் அவர் வாழ்ந்தார் என்பதற்கு வரலாற்றுச் சான்று கிடையாது. கதைக்கு மட்டும் பஞ்சமே இல்லை. 1532-ல் மானஸ் ஓ'டொனல் என்ற குறுநிலத் தலைவர் தொகுத்த புனிதர் வரலாற்றில் வரும் கதை இது: புனித பாட்ரிக் விரட்டிய பேய்கள் இந்தப் பள்ளத்தாக்கில் வந்து மூடுபனிக்குள் பதுங்கிக்கொண்டன. கொலம் கில்லெ வந்து அவற்றைக் கடலுக்குள் துரத்தினார். யாரும் தெரியாமல் பிடித்துத் தின்றுவிடக் கூடாது என்பதற்காக அவற்றை ஒற்றைக்கண் செம்மீன்களாக மாற்றினார். மீனவர் ஊரில் பிறந்த கதை என்று சொல்லாமலே தெரிகிறது!

அந்தப் புனிதரின் நாளில், ஜூன் 9-ல், 'துராஸ்' என்ற திருப்பயணம் நடக்கிறது. இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், பங்கின் முழு வரலாறும் அந்தப் பாதையில் கிடக்கிறது. மொத்தம் பதினைந்து நிலைகள், சுமார் ஐந்து கிலோமீட்டர். வழக்கப்படி நள்ளிரவில் தொடங்கி, வெறுங்காலோடு, விடிவதற்குள் முடிப்பார்கள். இப்போது பகலில் செருப்போடு போகிறவர்களும் உண்டு. ஒவ்வொரு நிலையிலும் கற்குவியலையோ சிலுவை செதுக்கிய கல்லையோ சூரியன் போகும் திசையில் மூன்று முறை சுற்றி வந்து பரலோக மந்திரமும் அருள் நிறை மந்திரமும் சொல்ல வேண்டும். செதுக்குக் கற்களில் பல ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையவை. கொலம் கில்லெயின் ஊற்று மேட்டில் இருக்கிறது. ஏறுகிறவர்கள் ஆளுக்கு மூன்று கல்லை எடுத்துக்கொண்டு போய்ப் போட வேண்டும் என்பது முறை. அப்படிப் போட்டுப் போட்டே ஊற்றுக்குப் பின்னால் ஒரு மதில் அளவுக்குக் கல் குவிந்திருக்கிறது. இன்னொரு நிலையில் நிற்கும் கல்லின் மேல்பகுதியில் ஒரு துளை. பாவமில்லாத மனதோடு அதன் வழியே பார்த்தால் சொர்க்கம் தெரியும் என்பார்கள். காதலர்கள் அதே துளையில் விரல் கோத்து நிச்சயம் செய்துகொண்டதாகவும் சொல்வார்கள். சொர்க்கம் தேடியவர்களைவிட விரல் கோத்தவர்களுக்குத்தான் அந்தக் கல் அதிகம் பயன்பட்டிருக்கும் என்பது என் ஊகம்.

இந்தக் கத்தோலிக்கத் திருப்பயணம் தொடங்குவது சர்ச் ஆஃப் அயர்லாந்துக் கோயிலுக்குப் பக்கத்தில். பழைய மடத்தின் இடம் அதுதான். இடம் கைமாறியது, நடை மாறவில்லை. 1704-ல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம் ஊற்றுகளிலும் புனித இடங்களிலும் கூடுவதைத் தடை செய்தது. பத்து ஷில்லிங் அபராதம், கட்ட முடியாவிட்டால் சாட்டையடி. அதே ஆண்டுகளில் இன்னொரு சட்டம், ஒரு பங்குக்கு ஒரே ஒரு பாதிரியார், அவரும் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது. கோயில் கட்ட வழியில்லாத ஊர்களில் பாறையைப் பீடமாக வைத்து வெட்டவெளியில் பூசை வைத்தார்கள். ஆக, கட்டடம் இல்லாமலும் சில சமயம் பாதிரியாரே இல்லாமலும் ஒரு பங்கு நிற்கும் என்பதை இந்த மக்கள் ஏற்கெனவே அனுபவத்தில் பார்த்துவிட்டார்கள்.

நிலத்தின் கதை இதைவிடக் கசப்பு. மேற்கு டொனெகாலில் பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை 'ரன்டேல்' என்ற முறை இருந்தது. வீடுகள் ஒரே கொத்தாக இருக்கும். நல்ல நிலம், சுமாரான நிலம், மோசமான நிலம் மூன்றிலும் எல்லாருக்கும் துண்டு துண்டாக இடம் கிடைக்கும். அவ்வப்போது மாற்றியும் கொள்வார்கள். குத்தகை நிலப்பிரபுவுக்கு. நியாயமான முறைதான். ஆனால் பிள்ளைகள் பெருகப் பெருகத் துண்டுகள் சுருங்கின; அவ்வளவு சின்னத் துண்டில் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடக்கூடிய பயிர் உருளைக்கிழங்கு மட்டுமே. 1845-ல் கிழங்கு அழுகியபோது என்ன ஆனது என்பது தெரிந்த கதை. 1841-ல் நாட்டின் மக்கள்தொகை 81 லட்சத்துக்கு மேல். 1851-ல் 65 லட்சம். சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், ஏறக்குறைய அதே அளவு பேர் கப்பல் ஏறினார்கள்.

பஞ்சத்துக்குப் பிறகும் வெளியேற்றம் நிற்கவில்லை, பழக்கமாகிவிட்டது. மேற்கு டொனெகாலில் அது பல படிகளில் நடந்தது. முதலில் குழந்தைகள். மே மாதத்திலும் நவம்பரிலும் கிழக்கே ஸ்ட்ராபேன், லெட்டர்கென்னி ஊர்களில் 'கூலிச் சந்தை' கூடும். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் கையில் ஒரு சின்ன மூட்டையோடு தெருவில் வரிசையாக நிற்பார்கள். லாகன் சமவெளியின் பெரிய பண்ணைக்காரர்கள் வந்து தோளைத் தொட்டுப் பார்த்து, பேரம் பேசி, ஆறு மாதத்துக்கு அழைத்துப் போவார்கள். ஐரிஷ் மட்டுமே தெரிந்த பிள்ளை, ஆங்கிலம் மட்டுமே தெரிந்த முதலாளி. கொஞ்சம் வளர்ந்ததும் ஸ்காட்லாந்துக்குக் கிழங்கு பறிக்கப் போக வேண்டும். அதற்கு அப்புறம் கிளாஸ்கோ அல்லது அமெரிக்கா. அங்கே போனால் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. வீட்டுக்கு வரும் மணியார்டரில்தான் குத்தகையும் கடைக்கடனும் அடைந்தன. 1891-ல் அரசு அமைத்த நெருக்கடி மாவட்ட வாரியம் மீன்பிடித் துறைகள், கைநெசவு என்று சில வேலைகளைக் கொண்டுவந்தது. உதவியதுதான், போதவில்லை.

பாதிரியார் ஊரின் மையப்புள்ளி ஆனது இந்த நூறு ஆண்டுகளில்தான். 1829-ல் கத்தோலிக்கர்களுக்கு அரசியல் உரிமைகள் திரும்பக் கிடைத்தன. 1831-ல் தேசியப் பள்ளிகள் வந்தன. காலப்போக்கில் கிராமத்துப் பள்ளிகளுக்கு நிர்வாகி பங்குத்தந்தை என்று ஆனது. 1850-ல் தர்ல்ஸ் ஆயர் மாநாடு, வீடுகளில் நடந்துகொண்டிருந்த திருமுழுக்கையும் திருமணத்தையும் கோயிலுக்குள் கொண்டுவரச் சொன்னது. கல்லால் கட்டிய பெரிய கோயில்கள் எழுந்தன. ஆனாலும் 'ஸ்டேஷன் பூசை' தப்பிப் பிழைத்தது. கோயில் இல்லாத காலத்து வழக்கம் அது. சுழற்சி முறையில் ஆண்டுக்கு ஒரு வீடு, அந்த டவுன்லேண்ட் முழுக்க அங்கே கூடும். சமையலறை மேசைதான் பீடம். முறை வரப்போகிறது என்று தெரிந்தால் பல மாதம் முன்பே வெள்ளையடிப்பு, கதவுக்குச் சாயம், புதுத் திரைச்சீலை. பூசை முடிந்ததும் பெரிய சாப்பாடு. இத்தனை வேலையும் கடவுளுக்காகவா, பக்கத்து வீட்டுக்காரருக்காகவா என்று கேட்டால் அங்குள்ள பெண்களே சிரித்துவிடுவார்கள்.

மரணத்தில்தான் பங்கின் பிணைப்பு நன்றாகத் தெரியும். உடலை வீட்டில் வைத்து இரண்டு இரவு விழித்திருப்பார்கள். பழைய நாளில் களிமண் புகைக்குழாயும் புகையிலையும் தட்டில் வைத்து எல்லாருக்கும் நீட்டப்படும். இளைஞர்கள் விளையாட்டு, கேலி, கூத்து என்று இரவைக் கழிப்பார்கள். ஆயர்கள் பல தலைமுறையாகக் கண்டித்தும் அது லேசில் நிற்கவில்லை. இன்று தேநீர், சாண்ட்விச், வரிசையாக வந்து கைகுலுக்கி 'உங்கள் துக்கத்துக்கு வருந்துகிறேன்' என்று சொல்வது. குழி வெட்டுவது இன்னும் பல ஊர்களில் அக்கம்பக்கத்தார் வேலைதான். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. டொனெகாலும் அடங்கிய வட அயர்லாந்துப் பகுதியான அல்ஸ்டரின் பங்குகளில் அடக்கத்தின்போது பாதிரியார் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து காணிக்கை வாங்கும் பழக்கம் இருந்தது. யார் எவ்வளவு கொடுத்தார் என்று எல்லார் முன்னிலையிலும் தெரியும். குறைவாகக் கொடுத்தவர் செத்தவரை மதிக்கவில்லை என்ற பேச்சு எழும். ஏழைகளுக்கு அது துக்கத்துக்கு மேல் ஒரு துக்கம்.

இந்த அதிகாரத்தின் இருட்டை விட்டுவிட்டுப் பங்கு வாழ்க்கையைப் பாடினால் அது சுற்றுலாத் துண்டுப்பிரசுரம் ஆகிவிடும். கல்யாணம் ஆகாமல் கருவுற்ற பெண்ணைக் குடும்பமும் பாதிரியாரும் ஊர்ப் பேச்சும் சேர்ந்து வெளியே தள்ளின. அப்படித் தள்ளப்பட்டவர்கள் போய்ச்சேர்ந்த தாய்-சேய் இல்லங்களைப் பற்றிய அரசு விசாரணை ஆணையம் 2021 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. ஆராயப்பட்ட 18 நிறுவனங்களில் சுமார் 9,000 குழந்தைகள் இறந்திருந்தன. டொனெகாலின் ஸ்ட்ரானோர்லர் கவுண்டி இல்லம் அதில் ஒன்று. இந்தப் பங்கு சேர்ந்த ராஃபோ மறைமாவட்டத்தில் சிறுவர்கள் மீதான பாலியல் குற்றங்கள் எப்படிக் கையாளப்பட்டன என்ற ஆய்வறிக்கை 2011-ல் வந்தது. 'எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊர்' என்பதே இவர்களுக்கு எதிராக வேலை செய்தது. எல்லாருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள்.

மாலை நேரத்து வாழ்க்கை வேறு. குளிர்காலத்தில் ஏதாவது ஒரு வீட்டில் கரிமண் கட்டி (சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த எரிபொருள்) எரியும் அடுப்பைச் சுற்றிக் கூடுவார்கள். கதை, பாட்டு, ஃபிடில் (வயலின்). டொனெகால் ஃபிடில் பாணி வேகமானது. குறுகிய வில் வீச்சுகள், ஸ்காட்லாந்துக்குப் போய் வந்தவர்கள் சுமந்து வந்த மெட்டுகள். மீன் நா க்ரோஷ் என்ற இந்தப் பங்கின் டவுன்லேண்டைச் சேர்ந்த ஜேம்ஸ் பர்ன் அந்தப் பாணியின் பெரிய கலைஞர்களில் ஒருவர், 2008-ல் காலமானார். கதைகளைப் பொறுத்தவரை டீலினுக்கு ஒரு தனி அதிர்ஷ்டம் அடித்தது. அந்த ஊரிலேயே பிறந்த ஷான் ஓ ஹோகீ, ஐரிஷ் நாட்டாரியல் ஆணையத்தின் முழுநேரச் சேகரிப்பாளராக 1935-ல் சேர்ந்தார். எடிஃபோன் என்ற கனமான ஒலிப்பதிவுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் மெழுகு உருளையில் பதிவு செய்தார். வீட்டுக்கு வந்து கேட்டுக் கேட்டுக் கையால் எழுதிக்கொண்ட பிறகு உருளையின் மேல்பரப்பைச் சீவி மறுபடி பயன்படுத்துவார்கள், புதியது வாங்கப் பணம் கிடையாது. அதனால் அந்தப் பாட்டிமார், தாத்தாமாரின் சொற்கள் பக்கம் பக்கமாகக் கிடைக்கின்றன, குரல் பெரும்பாலும் கிடைக்கவில்லை.

சரி, இனி 1951. ஜேம்ஸ் மெக்டயர் என்ற பாதிரியார் உதவிப் பங்குத்தந்தையாக இங்கே வந்தார். 1910-ல் இதே கவுண்டியில் பிறந்தவர், டோரி தீவில் பணியாற்றியவர். அவர் வந்தபோது ஊரில் மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, மருந்தகம் இல்லை, தார்ச்சாலை இல்லை, தொழில் எதுவும் இல்லை. நாடு முழுக்கவே மோசமான காலம். ஐம்பதுகளில் மட்டும் நாலு லட்சம் பேர் அளவுக்கு அயர்லாந்தை விட்டுப் போனார்கள். 1961 கணக்கெடுப்பில் குடியரசின் மக்கள்தொகை 28 லட்சமாகச் சரிந்து, வரலாற்றிலேயே குறைந்த அளவைத் தொட்டது. கிளென்கொலம்கில் மாதிரி ஊர்களில் பள்ளிப் படிப்பு முடிந்த பிள்ளைகள் வகுப்பு வகுப்பாகக் கிளம்பினார்கள்.

மெக்டயர் முதலில் எடுத்த காரியம் தொழிற்சாலை அல்ல, சமூகக் கூடம். இளைஞர்கள் கூட ஓரிடம் வேண்டும், ஆட வேண்டும், நாடகம் போட வேண்டும், அங்கேயே கூட்டமும் நடத்த வேண்டும். ஊர்க்காரர்கள் கூலி வாங்காமல் முறை போட்டு உழைத்தார்கள். சில மாதங்களில் கட்டி முடித்து 1953-ல் திறந்தார்கள். ஐரிஷ் கிராமங்களில் இந்தக் கூட்டு உழைப்புக்கு 'மெஹல்' என்று பெயர். அறுவடைக்கும் கரிமண் வெட்டவும் மாறி மாறிப் போவது பழைய வழக்கம். மெக்டயர் புதிதாக எதையும் கற்பிக்கவில்லை, இருந்த வழக்கத்தை வயலிலிருந்து கட்டடத்துக்குத் திருப்பிவிட்டார். அவர் செய்ததிலேயே புத்திசாலித்தனமான காரியம் இதுதான் என்று நினைக்கிறேன். பத்து வருடம் பேசி நடக்காதது அல்ல, இந்தக் குளிர்காலத்திலேயே கண்ணால் பார்க்கக்கூடியது என்று ஒன்றைக் காட்டினார். அதன் பிறகு மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் சாலைக்கும் அரசாங்க அலுவலகங்களின் கதவைத் தட்டியபோது பின்னால் ஊர் நின்றது.

நாட்டில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. திப்பரெரி பக்கம் ஜான் ஹேய்ஸ் என்ற பாதிரியார் 1937-ல் 'முயின்டிர் நா தீரா' என்ற அமைப்பைப் பங்கு மன்றங்களாக மாற்றி அமைத்திருந்தார். பணக்கார விவசாயியும் கூலியாளும் ஒரே மன்றத்தில் உட்கார வேண்டும் என்பது அவர் எண்ணம். மெக்டயர் ஒரு படி மேலே போய்ப் பொருளாதாரத்தில் கை வைத்தார். அறுபதுகளின் தொடக்கத்தில் கூட்டுறவு சங்கம் அமைத்து, அரசுச் சர்க்கரைக் கழகத்தோடு சேர்ந்து காய்கறி பதப்படுத்தும் ஆலையைக் கொண்டுவந்தார். ஆடும் உருளைக்கிழங்கும் மட்டுமே தெரிந்த விவசாயிகள் காய்கறி போட ஆரம்பித்தார்கள். கைப்பின்னலும் நெசவும் வீட்டுத் தொழிலிலிருந்து வெளிச்சந்தைக்குப் போயின. சின்னச் சின்னத் துண்டு நிலங்களை எல்லாம் ஒன்றாக்கி ஒரே பண்ணையாக நடத்தலாம் என்றுகூடத் திட்டம் போட்டார். விவசாயிகள் பலர் ஒப்புக்கொண்டும் அரசு கைகொடுக்கவில்லை. கம்யூனிஸ்ட் சாமியார் என்ற பட்டம் மட்டும் கிடைத்தது. 1963 வாக்கில் மேற்கு அயர்லாந்தைக் காப்பாற்றுவோம் என்ற இயக்கத்திலும் அவர் முன்னணியில் நின்றார்.

ஆலை என்ன ஆயிற்று? காய்கறி நீண்டகாலம் ஓடவில்லை. கரிமண் நிலம், கடல் காற்று, சந்தையிலிருந்து தூரம், விலையை முடிவு செய்கிறவர்கள் டப்ளினில். பிறகு மீன் பதப்படுத்துவது கைகொடுத்தது. நாட்டின் பெரிய மீன்பிடித் துறைமுகமான கில்லிபெக்ஸ் பக்கத்தில் இருப்பது ஒரு வசதி. மெக்டயரின் முயற்சி தோற்றது என்று சொல்கிறவர்கள் இந்தக் காய்கறிக் கணக்கைத்தான் காட்டுவார்கள். அது அரைக் கணக்கு. மீதிக் கணக்கு 1967-ல் தொடங்குகிறது.

அந்த ஆண்டு ஊர்க்காரர்கள் சேர்ந்து கடலோரத்தில் நாட்டுப்புற அருங்காட்சியகம் ஒன்றைக் கட்டினார்கள். மூன்று காலத்து மூன்று கூரைவீடுகள்: பதினெட்டாம், பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டு. முதல் வீட்டில் தரை வெறும் மண், பொருள் சொற்பம். கடைசி வீட்டில் அலமாரி, பீங்கான் தட்டு, அமெரிக்காவிலிருந்து வந்த கடிகாரம் போன்றவை வந்துவிடுகின்றன. வெறும் மூன்று வீடுகளுக்குள் நடந்து, ஒரு ஏழைக் குடும்பத்தின் வாழ்க்கை இருநூறு வருடத்தில் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்துவிடலாம். உள்ளே இருக்கும் சாமான்கள் ஊர் வீடுகள் கொடுத்தவை. பரணில் கிடந்த நூற்புச் சக்கரம், கரிமண் வெட்டும் கத்தி, வெண்ணெய் கடையும் மரத்தொட்டி. அப்புறம் ஒரு பள்ளி அறை, கடை. கடற்பாசியிலும் ஃப்யூஷா பூவிலும் செய்த ஒயின்கூட விற்றார்கள். கூரைவீடு பாணியில் விடுமுறைக் குடில்களும் வந்தன. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் அந்த அருங்காட்சியகம் ஊர்ச் சொத்தாகவே இயங்குகிறது.

இங்கேதான் என் கருத்து. இந்தப் பங்கில் நிலைத்து நின்றவை எல்லாம் ஊரில் ஏற்கெனவே இருந்த கை, பேச்சு, கல், பாட்டு இவற்றை வைத்துச் செய்தவை. சரிந்தவை பெரும்பாலும் வெளிச்சந்தையின் விலையையோ தலைநகரின் முடிவையோ நம்பி நின்றவை. இதற்கு மெக்டயரைக் குறை சொல்ல முடியாது. வேலை தர வேண்டியது ஒரு பாதிரியாரின் பொறுப்பும் இல்லை. ஆனால் 'கூட்டுறவு இருந்தால் ஊர் பிழைத்துவிடும்' என்று அவரை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் தாண்டிவிடுகிறார்கள். அவர் 1987-ல் இறந்தார். வெளியேற்றம் குறைந்தது, நிற்கவில்லை.

அவர் காலத்திலேயே இன்னொன்று முளைத்தது. 1984-ல் லீயம் ஓ குனெகான், ஷோசவ் வாட்சன் இருவரும் ஒயடஸ் கேல் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதுவரை ஐரிஷ் பேசும் பகுதிகளின் கோடைக்காலப் படிப்பு என்றால் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. இவர்கள் பெரியவர்களுக்கு நடத்தினார்கள். காலையில் மொழி வகுப்பு, பிற்பகலில் மலையேற்றம், தொல்லியல் நடை, ஓவியம், நடனம். மாலையில் மதுக்கடையில் பாட்டோடு பேச்சுப் பயிற்சி. அயர்லாந்தின் குடியரசுத் தலைவராக இருந்த மேரி மெக்அலீஸ் உட்பட, ஜப்பான், ஜெர்மனி, அமெரிக்கா என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். ஐரிஷ் பேசியதற்காகப் பள்ளியில் அடி வாங்கிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் அதே மொழியைக் கற்றுக்கொடுத்துச் சம்பாதிக்கிறார்கள்.

அயர்லாந்துக்கே உரிய கேலிக் கால்பந்தை விட்டால் இந்தப் பதில் முழுமையாகாது. 1884-ல் தர்ல்ஸில் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம் தன் கிளப்புகளைப் பங்கு எல்லையை ஒட்டியே அமைத்தது. பெரும்பாலும் உங்கள் சொந்தப் பங்குக்குத்தான் ஆடுவீர்கள், சம்பளம் கிடையாது. இங்குள்ள கிளப் நோவ் கொலம்பா. 1978-லும் 1990-லும் டொனெகால் சீனியர் பட்டம் வென்றது. டொனெகால் முதன்முறையாக அகில அயர்லாந்துக் கோப்பையை வென்ற 1992 அணியில் இந்தக் கிளப்பின் நோயல் ஹெகர்ட்டி ஆடினார். கோயிலுக்குக் கால் வைக்காத இளைஞனுக்கும் பங்கின் பெயர் முதுகில் ஒட்டியிருப்பது இப்படித்தான். கிளப்பின் வாராந்தர லாட்டரி, நிதி திரட்டும் நடை, மைதானத்தைச் சீர்செய்யும் சனிக்கிழமை எல்லாம் பழைய மெஹலின் இன்றைய வேலைகள். ஆண்கள் அணியோடு பெண்கள் கேலிக் கால்பந்தும் வளர்ந்தது அண்மைத் தலைமுறைகளின் பெரிய மாற்றம்.

கோயிலுக்குப் போகிறவர்கள் குறைந்தது உண்மை. எழுபதுகளின் தொடக்கத்தில் அயர்லாந்துக் கத்தோலிக்கர்களில் பத்தில் ஒன்பது பேர் வாராவாரம் பூசைக்குப் போனார்கள். இன்று அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பாதிரியார்கள் வயதானவர்கள், புதியவர்கள் சொற்பம். பல இடங்களில் ஒரே பாதிரியார் இரண்டு மூன்று பங்குகளைப் பார்க்கிறார். வெள்ளிக்கிழமைக் கூட்டம், கணக்கு, கல்லறை பராமரிப்பு எல்லாம் பொதுநிலையினர் (பாதிரியார் அல்லாத சாதாரண மக்கள்) கைக்கு வந்துவிட்டன. சிறு காவல் நிலையங்களும் தபால் நிலையங்களும் நாடெங்கும் மூடப்பட்ட பிறகு, ஊரில் மிச்சமிருக்கும் பொது இடங்கள் என்றால் பள்ளி, மைதானம், கூடம், கோயில், மதுக்கடை.

ஆனால் மரணச் செய்தி மட்டும் இன்றும் பங்கு வழியாகத்தான் பரவுகிறது. ஹைலேண்ட் ரேடியோவில் தினமும் இறந்தவர்களின் பெயரும் ஊரும் வாசிக்கப்படும். அந்த நேரத்தில் சமையலறையில் யாரும் பேசக் கூடாது. இணையத்தில் ஆர்ஐபி டாட் ஐஇ என்ற தளம் 2005 முதல் அதே வேலையைச் செய்கிறது. அடக்கப் பூசையைக் கோயிலில் வைத்த கேமரா வழியாகக் கிளாஸ்கோவிலும் பாஸ்டனிலும் இருந்து பார்க்கிறார்கள். கோடையில் கல்லறை மந்திரிப்பு ஞாயிறு வந்தால், வருடம் முழுக்க பூசைக்கு வராதவர்களும் புல் வெட்டிப் பூ வைக்க வந்து நிற்பார்கள். பங்குக்கு இன்று என்ன வேலை என்ற கேள்விக்கு நான் தரும் பதில் இந்த வரிசைதான்: அடக்கம், பந்து, மொழி, கூடம். ஞாயிறு பூசை அதற்கு அப்புறம்.

இதுபோன்ற ஒரு பங்கைப் பற்றி மேலும் தேட நினைத்தால் மூன்று இடங்கள் போதும், மூன்றும் இலவசம். 1901, 1911 கணக்கெடுப்புத் தாள்கள் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் வீடு வாரியாகக் கிடைக்கின்றன. யார் ஐரிஷ் பேசினார், யாருக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பதுவரை இருக்கும். கத்தோலிக்கப் பங்குகளின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளின் படங்களைத் தேசிய நூலகம் 2015-ல் இணையத்தில் ஏற்றியது. ஏறக்குறைய 1880 வரை உண்டு. டொனெகால் மாதிரி மேற்குப் பகுதிகளில் இந்தப் பதிவேடுகள் தாமதமாகத்தான் தொடங்கும் என்பதால் பஞ்சத்துக்கு முந்தைய பெயர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டம். மூன்றாவது, 1937 முதல் 1939 வரை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள் தங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டு நோட்டில் எழுதிய நாட்டார் தொகுப்பு. டூகஸ் தளத்தில் பள்ளி வாரியாகப் படிக்கலாம். தேடும்போது ஊர்ப் பெயருக்கு ஒரே எழுத்துக்கூட்டலை நம்ப வேண்டாம். கிளென்கொலம்கில்லுக்கே ஆங்கிலத்தில் நாலைந்து வடிவங்கள் உண்டு, ஐரிஷ் வடிவம் தனி. சிவில் பங்கின் பெயரையும் டவுன்லேண்டின் பெயரையும் சேர்த்துப் போட்டுத் தேடினால்தான் சரியான பக்கம் வரும்.